கதை புத்தகத்திலேயே இருக்கிறது. நோட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: ஆண்டுக்கு இருபத்தைந்து, முப்பது நாவல் வாசிக்கிறேன். பெரும்பாலும் நூலகத்தில் எடுப்பவை. இரண்டு மாதம் போனால் கதாநாயகி பெயர்கூட மறந்துவிடுகிறது. பதினான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டு தொடங்கினேன். பதினோராவது நாவலோடு நின்றது. இன்னொரு நோட்டில் பிடித்த வரிகளை எழுதிவைத்தேன். இப்போது திருப்பிப் பார்த்தால் எது எதற்காகப் பிடித்தது என்று தெரியவில்லை. கைபேசிச் செயலியில் நட்சத்திரம் போட்டேன். எல்லாமே நாலு நட்சத்திரம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு நாவலைப் பற்றிப் பேசவேண்டும். என் முறை வந்தபோது கதை முழுவதும் சொல்லி, முடிவையும் சொல்லிவிட்டேன். இன்னும் வாசிக்காதவர்கள் வருத்தப்பட்டார்கள். அடுத்த முறைக்குள் இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.
ஒரு வாசகி, ஈரோடு

நூலகர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நோட்டு நின்றதற்கு உங்கள் சோம்பலைக் காரணம் சொல்ல மாட்டேன். பதினான்கு கட்டத்தில் பாதி பதிப்பகம், விலை, பக்கம் போன்றவை. மீதி பாத்திரங்கள், கதைச்சுருக்கம் போன்றவை. அவ்வளவும் புத்தகத்திலேயே இருக்கின்றன. நாளைக்கே நூலகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தூக்கம் போனது, எங்கே எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் நாவலாசிரியரை நம்பாமல் போனீர்கள் என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. அதற்கு உங்கள் நோட்டில் கட்டமே இல்லை. வட்டத்தில் பேச நின்றதும் கதையைச் சொல்லத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். கையிலிருந்த குறிப்பு அது ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல், ஒரே நோட்டை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தியது. எந்த நூலகத்திலும் இரண்டு பதிவு தனித்தனியாக இருக்கும். ஒன்று சேர்க்கைப் பதிவேடு: புத்தகம் வந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு வரி. அந்த எண் மாறாது, இன்னொரு புத்தகத்துக்குப் போகாது. மற்றொன்று பட்டியல்: தேடுபவருக்கு வசதியான வரிசையில், பெயர்வாரியாக, பொருள்வாரியாக. வீட்டு நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்ய முயல்வதால்தான் கட்டங்கள் பதினான்காகின்றன.

192 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். முன்னால் 6 பக்கம் வரிசைப் பதிவுக்கு. பின்னால் 6 பக்கம் பட்டியலுக்கு. இடையில் மிஞ்சும் 180 பக்கத்தில் நாவலுக்கு இரண்டு பக்கம் வீதம் 90 நாவல் அடங்கும். உங்கள் வேகத்தில் மூன்று ஆண்டு.

வரிசைப் பதிவு கட்டாயம். நாவலுக்கு ஒரு வரி, அதை எழுத இரண்டு நிமிடம். எண், நாவல், ஆசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, கையிலுள்ள பதிப்பின் பதிப்பகமும் ஆண்டும், தொடங்கிய தேதி, முடித்த தேதி, எங்கிருந்து கிடைத்தது. இவ்வளவு போதும். தொடங்கிய அன்றே வரியை எழுதுங்கள். முடித்தபின் எழுதலாம் என்று வைத்தால் பாதியில் விட்ட நாவல்கள் கணக்கிலேயே வராது. விட்டதும் வாசிப்புதான். முடித்த தேதிக்குப் பதிலாக ‘நி’ என்று போட்டு, நின்ற அத்தியாயத்தை எழுதுங்கள். ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது ஒரே மாதிரி நாவல்களை ஒரே மாதிரி இடத்தில் விடுகிறீர்களா என்று தெரியும். மறுவாசிப்புக்குப் புது எண் கொடுத்து, பக்கத்தில் பழைய எண்ணைக் குறியுங்கள்.

ஆண்டு இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதற்பதிப்பு, மறுபதிப்பு விவரம் இருக்கும். அறுபது ஆண்டு முந்தைய நாவலைச் சென்ற ஆண்டு மறுபதிப்பில் வாசித்துவிட்டு, ‘இந்தக் காலத்திலும் இப்படி எழுதுகிறாரே’ என்று கோபப்படுவது வாசகர் வட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. தொடர்கதையாக வந்ததென்றால் அதையும் குறியுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அத்தியாயம் தோறும் ஒரு முடிச்சில் நிறுத்துவது வாரக்கணக்கில் காத்திருந்த வாசகரை மனத்தில் வைத்துச் செய்தது. ஒரே மூச்சில் வாசிப்பவருக்கு அது சலிப்பாகத் தெரிந்தால், அந்தச் சலிப்புக்குக் காரணம் எது என்று பிரித்துச் சொல்ல இந்தத் தகவல் உதவும். (ஐந்து பாகம் என்றாலும் பதிவில் அது ஒரு நாவல், ஒரே எண்.) மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல் வரியை முடிக்காதீர்கள். தகழியின் ‘செம்மீன்’ நாவலைத் தமிழில் வாசித்துவிட்டு நடை அருமை என்று சொல்லும்போது, பாராட்டில் பாதி அதைத் தமிழாக்கிய சுந்தர ராமசாமிக்குச் சேரவேண்டியது.

இனி, வாசிக்கும்போது. நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போடக்கூடாது. உங்களுக்கு அடுத்து எடுப்பவர் உங்கள் கண்ணால் வாசிக்க நேரும். பக்கத்தின் மூலையை மடித்தால் பழைய தாள் அந்த மடிப்பிலேயே ஒடியும். கம்பி கிளிப் துருப்பிடித்துக் கறை விடும். ஒட்டும் சீட்டுகளின் பசை தாளில் தங்கும். பழைய தாளில் பிடித்து இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு சீட்டு கிடைக்கும். டெம்மி அளவு நாவலுக்குள் வெளியே நீட்டாமல் உட்காரும். பக்க அடையாளத்துக்கும் அதுவே, குறிப்புக்கும் அதுவே.

சீட்டில் வாக்கியம் எழுதவேண்டாம். பக்க எண், பக்கத்தில் எந்த இடம், ஒரு குறி. ‘142 கீ ×’ என்றால் 142-ஆம் பக்கம், கீழ்ப்பகுதி, நம்ப முடியவில்லை. மேல், நடு, கீழ் என்பதற்கு மே, ந, கீ. குறிகள் நான்குக்கு மேல் வேண்டாம்: திடுக்கிட்ட இடத்துக்கு ‘!’, புரியாததற்கு ‘?’, ஒட்டாமல் போனதற்கு ‘×’, முன்பு வந்த ஒன்று திரும்ப வந்தால் ‘=’. இந்தக் கடைசிக் குறிதான் பின்னால் அதிகம் பயன்படும். இரண்டாம் அத்தியாயத்தில் சும்மா வந்த ஒரு கிணறு இருபதாம் அத்தியாயத்தில் மறுபடி வரும்போது, ஆசிரியர் எதையோ கட்டிக்கொண்டு வருகிறார் என்று பொருள். முந்நூறு பக்க நாவலுக்குப் பதினைந்து குறி போதும். ஐம்பது அறுபது போட்டால் எதையும் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். உங்கள் இரண்டாவது நோட்டுக்கு நேர்ந்தது அதுதான்: வரி இருக்கிறது, அது ஏன் பிடித்தது என்ற குறி இல்லை.

சீட்டின் பின்பக்கம் பெயர்களுக்கு. முதல் ஐம்பது பக்கம் மட்டும் பெயர், உறவு, முதலில் வந்த பக்கம் என்று எழுதுங்கள். அதற்குமேல் வரும் புதியவர்கள் பெரும்பாலும் கதையில் தாமாகவே நினைவில் நிற்பார்கள். மூன்று தலைமுறைக் கதை என்றால் பட்டியலைவிட வம்சக்கொடி சுலபம். ரஷ்ய மொழிபெயர்ப்புகளில் ஒரே ஆளுக்கு இயற்பெயர், தந்தைவழிப் பெயர், செல்லப்பெயர் என்று மூன்று வரும். மூன்றையும் ஒரே வரியில் எழுதாவிட்டால் மூன்று ஆட்கள் என்று நினைத்துக்கொண்டே நூறு பக்கம் போய்விடலாம். வட்டார வழக்கு நாவல்களில் தெரியாத சொற்களையும் இங்கேயே குறியுங்கள். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த அகராதி இருக்கிறது. மற்றவற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உங்கள் வட்டத்திலேயே இருப்பார். கேளுங்கள், கூட்டத்தில் நல்ல பேச்சு அங்கிருந்தும் தொடங்கும்.

முடித்தபின் செய்யவேண்டியதுதான் மறதிக்கு மருந்து. 1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம் நினைவைத் தாமே சோதித்து எழுதிய நூல் முதல், உளவியலாளர்கள் சொல்லிவருவது இது: மறதி தொடக்கத்தில்தான் வேகம், முதல் நாளிலேயே பெரும்பகுதி போய், பிறகு மெல்ல மெல்லக் கரைகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆகவே முடித்த அன்றோ மறுநாளோ, புத்தகத்தையும் சீட்டையும் மூடிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் எழுதுங்கள். பெயர் வராவிட்டால் ‘அந்த அக்கா’ என்று எழுதுங்கள். எட்டு வரி வந்தால் போதும். இங்கே கதையை வரிசைப்படுத்தத் தொடங்கினால் பேனாவை நிறுத்திவிட்டு, ‘எந்தக் காட்சி முதலில் கண்ணுக்கு வருகிறது?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு சீட்டைத் திறந்து, பதினைந்து குறிகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அத்தியாயம், பக்கம், அங்கே என்ன நடக்கிறது, உங்களுக்கு என்ன ஆனது என்று மூன்று நான்கு வரி. அத்தியாய எண் கண்டிப்பாக வேண்டும். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நாவல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. உங்கள் 142-ஆம் பக்கம் பக்கத்து நாற்காலிக்காரருக்கு 97-ஆக இருக்கும். மின்நூலில் எழுத்தளவை மாற்றினாலே திரை மாறும். அத்தியாயப் பிரிவே இல்லாத நாவலுக்கு ‘142/310’ என்று மொத்தப் பக்கத்தோடு எழுதினால், எவ்வளவு தூரத்தில் என்று மற்றவர் தேடிக்கொள்ளலாம்.

இரண்டாவது பக்கத்தில் கட்டுமானம். கதையை யார் சொல்கிறார், யார் மனத்துக்குள் நுழைகிறார், யார் மனத்துக்குள் நுழையவே இல்லை, காலம் எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது. ஐந்தாறு வரி. பலரும் தவறவிடுவது ‘நுழையாத மனம்’. ஒரு குடும்ப நாவலில் எல்லோர் யோசனையும் வருகிறது, வேலைக்கார அம்மாள் யோசனை மட்டும் ஒருமுறைகூட வரவில்லை என்றால், அது வேண்டுமென்றே செய்ததா, ஆசிரியர் கண்ணில் படாமல் போனதா? இதற்குப் பதில் தேடினாலே பத்து நிமிடப் பேச்சு கிடைத்துவிடும்.

கீழே நான்கைந்து வரி காலியாக விடுங்கள். ஒரு மாதம் கழித்து, வேறு நிற மையில், இன்னும் என்ன நிற்கிறது என்று எழுதுங்கள். முடித்த அன்று பொங்கியதும் ஒரு மாதம் கழித்து மிஞ்சுவதும் ஒன்றாக இருப்பது அரிது. உங்கள் கருத்து எது என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது மையை நம்புங்கள்.

எல்லா நாவலுக்கும் இரண்டு பக்கம் எழுதவேண்டுமா? வேண்டாம். மூன்றில் ஒன்றுக்கு எழுதினால் போதும். மற்றவற்றுக்கு வரிசைப் பதிவு இருக்கிறது. எழுதாத நாவலுக்குப் பக்கம் ஒதுக்காதீர்கள். நோட்டு இன்னும் நாள் வரும்.

பின்னாலுள்ள 6 பக்கப் பட்டியலை மாதம் ஒருமுறை நிரப்புங்கள். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள்: ரங்கநாதன், எஸ்.ஆர். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். ஜெ, ஜெய, ஜய என்று மாற்றினால் ஒருவரே மூன்று இடத்தில் ஒளிந்துகொள்வார். பொருள்வாரிப் பட்டியலில் ‘குடும்பம்’, ‘சமூகம்’ போன்ற தலைப்பு பயன்படாது, எல்லா நாவலும் அதற்குள் வந்துவிடும். ‘ஊரைவிட்டுப் போதல்’, ‘தனித்து வாழும் பெண்’, ‘நிலத் தகராறு’, ‘குழந்தை சொல்லும் கதை’ என்று குறுகலாக வைத்து, எதிரில் எண்களை எழுதுங்கள். ஒரே தலைப்பில் நான்கு எண் சேரும்போது, ஒப்பிட்டுப் பேச ஒரு கூட்டத்துக்கான பொருள் தயார்.

நட்சத்திரத்துக்கு வருவோம். குட்ரீட்ஸ் செயலியில் மூன்று நட்சத்திரத்துக்குப் பொருள் ‘பிடித்தது’. நாமோ அதைப் பரீட்சையில் அறுபது மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொண்டு, மரியாதைக்கு நாலு போடுகிறோம். அரை நட்சத்திரம் அங்கே கிடையாது. ஸ்டோரிகிராஃப் செயலியில் கால் பங்கு வரை உண்டு. நுணுக்கம் கூடினாலும் சிக்கல் தீராது. மொழி நன்றாக இருந்தது, கதை சறுக்கியது, நமக்குப் பிடிக்காத பொருள் என்ற மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தால் எப்போதும் நாலுதான் வரும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. நட்சத்திரத்துக்குப் பதில் அந்த வாசகரை எழுதுங்கள். ‘தங்கை மகளுக்கு, கல்லூரி முடித்த வயதில் வாசிக்கவேண்டியது’ என்ற ஒரு வரி நாலு நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லும். யாருக்கும் தர மனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

செயலியை விடவேண்டியதில்லை. வாசித்த கணக்குக்கு அது நல்லது. முடித்த தேதி கொடுக்காவிட்டால் ஆண்டு இலக்கில் சேராது. தமிழ் நாவலைப் பெயரால் தேடினால் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் இரண்டு மூன்று பதிவு வரும்; பின்னட்டையிலுள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணால் தேடுங்கள். 2007-க்கு முந்தைய புத்தகங்களில் அது 10 இலக்கம், பிறகு 13. ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் பட்டியலைக் கணினியில் இறக்கி வையுங்கள். குட்ரீட்ஸில் வலைத்தளத்தின் ‘மை புக்ஸ்’ பக்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பு கெடவில்லை. காலித் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கோப்பைத் தேர்ந்து, எழுத்துமுறையை ‘65001 யுடிஎஃப்-8’ என்று வைத்தால் சரியாக வரும்.

இப்போது வாசகர் வட்டம். ஏழு நிமிடம் என்று உங்களுக்கு நீங்களே அளவு வையுங்கள். கதைக்கு ஒரு நிமிடம்: எங்கே, எந்தக் காலம், யார், அவருக்கு என்ன சிக்கல். நாவலின் முதல் கால்பங்கைத் தாண்டி ஒரு நிகழ்ச்சிகூடச் சொல்லாதீர்கள். முடிவு தானாகவே காப்பாற்றப்படும். அடுத்து உங்கள் கருத்து, ஒரே ஒரு வாக்கியமாக. அதற்குச் சான்றாக இரண்டு இடம். ஒன்றிலிருந்து அரைப் பக்கம் வாசித்துக் காட்டுங்கள். முழுப் பக்கம் சத்தமாக வாசிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கடைசியில் உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். எல்லோரும் வாசித்துவிட்டு வந்த கூட்டம் என்றால் முடிவைப் பேசலாம், தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தை எழுதும்போது சில சொற்களைத் தள்ளிவைக்கவேண்டும். விறுவிறுப்பு, யதார்த்தம், மண்வாசனை, உயிரோட்டம், நெஞ்சைத் தொட்டது. இவை எந்த நாவலுக்கும் பொருந்தும். அதனால் எந்த நாவலையும் காட்டாது. இவற்றில் ஒன்று வந்து விழுந்தால் ‘எந்த இடத்தில்?’ என்று கேளுங்கள். ‘மாமியார் பாத்திரம் உயிரோட்டமாக இருக்கிறது’ என்பதற்குப் பதில், ‘ஒன்பதாம் அத்தியாயத்தில் மாமியார் இடுப்புச் சாவியை எடுக்கிறாள், மருமகள் கையை நீட்டுகிறாள், இவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாள். சண்டை என்று ஒரு சொல் இல்லாமல் யார் தோற்றார் என்று தெரிந்துவிடுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போவார்.

பிடிக்காத நாவலைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பாத்திரம் கெட்டவன் என்பதும் நாவல் கெட்டது என்பதும் வேறு. கதைசொல்லி நினைப்பதெல்லாம் ஆசிரியர் நினைப்பு ஆகிவிடாது. முதலில், இந்த நாவல் என்ன செய்யப் பார்த்தது என்று எதிராளியும் ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள். பிறகு அது எந்த அத்தியாயத்தில் நழுவியது என்று காட்டுங்கள். அப்படிக் காட்ட முடியாவிட்டால், ‘எனக்கு எட்டவில்லை, இந்த இடத்தில் நின்றுவிட்டேன்’ என்பதுதான் நேர்மையான பேச்சு. ஆசிரியர் கூட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சு பிரதியைப் பற்றியே இருக்கட்டும், அவர் வாழ்க்கையைப் பற்றி வேண்டாம். அச்சுப்பிழைகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். நாவலைப் பற்றிய தீர்ப்பில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதும்போது, முடிவைத் தொடும் பகுதிக்கு முன் ‘இதற்குக் கீழே முடிவு பேசப்படுகிறது’ என்று ஒரு வரியும் சில வரி இடைவெளியும் விடுங்கள். விமர்சனத்துக்காகச் சில வரி மேற்கோள் காட்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆசிரியர், நாவல், பதிப்பு மூன்றையும் சொல்லுங்கள். முழு அத்தியாயத்தைப் படமெடுத்தோ, பிடிஎஃப் கோப்பாகவோ பகிர்வதற்கு அது அனுமதி ஆகாது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கிறது.

பழைய நோட்டுகளை என்ன செய்வது? மூன்று ஆண்டு வாசிப்பை நினைவிலிருந்து திரட்ட உட்காராதீர்கள். அந்த வேலையில்தான் புது நோட்டும் பாதியில் நிற்கும். முதல் நோட்டிலிருந்து பதினொரு நாவலையும் ஒரு வரி வீதம் புதுப் பதிவில் ஏற்றி, 1 முதல் 11 வரை எண் கொடுத்துவிடுங்கள். தேதி தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள். மேற்கோள் நோட்டைப் பக்கத்திலேயே வையுங்கள். எப்போதாவது அதிலுள்ள ஒரு நாவலை மறுபடி எடுக்கும்போது, அன்று எழுதிய வரியைத் தேடிப் பிடித்து, இன்றும் அங்கே குறி போடுகிறீர்களா என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் நாவல் எண் 12. அதைத் திறக்கும்முன் சீட்டைக் கிழித்து உள்ளே வைத்துவிடுங்கள்.